மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியும் குறி தவறாமையும்

(ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர்களுக்குரிய பிரசங்கம்)



நிலக்கடலை காய் பிடிக்கும் பருவத்திலும் சோளம் பால் கட்டும் பருவத்திலும், காட்டை அடுத்த கிராமங்களில் ஒரு பன்றிக் கூட்டம் ஓர் இரவில் எவ்வளவு நஷ்டத்தை உண்டாக்கக்கூடும் என்பதைக் குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. சங்கத்தில் கடன் பெற்று வாங்கிய விதையும் எருவும், குடும்பத்தார் அனைவரும் மூன்று மாதம் பாடுபட்ட உழைப்பும் பொழுது விடியுமுன் மண்ணோடு மண்ணாய்ப் போய்விடுகின்றன. தவணை மாத்திரம் போவதில்லை. அது குறித்த தேதியில் வந்து நிற்கும்.

இக்காரணம் பற்றியே, பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி ஒன்று சில கிராமங்களில் பாட்டன் காலந்தொட்டு இருந்து வருகிறது. அது பெரும்பாலும், குழலின் வாய்வழியாகக் கருமருந்தையும் குண்டையும் இட்டுக் கோலால் கெட்டிக்கும் பழைய மாதிரியைச் சேர்ந்தது. ஒரு தடவை சுட்டபின் அதை மறுபடி ஒழுங்காகக் கெட்டிப்பதற்கு ஒரு நிமிஷமாவது பிடிக்கும். முதற் குண்டு தவறினால், மிருகம் இரண்டாவது குண்டுக்காகக் காத்து நிற்பதில்லை. காயம்பட்டதாயின் சுட்டவன்மேல் பாய்ந்தாலும் பாயும். தவறிய குண்டு இருளில் எங்கே போயிற்று என்பதும் சுட்டவனுக்குத் தெரியாது. அடுத்த வயலின் பரணில் ஓர் அயலான் காவலிருக்கக்கூடும். ஆகையால் குறி தவறாமை என்பது வேட்டைக்காரனுடைய பெருமையைப் பற்றிய விஷயமன்று. பயிரையும் உயிரையும் பற்றிய விஷயமாகும்.

இவ்வகைத் துப்பாக்கியை எவ்வாறு கெட்டித்தால், எவ்வாறு சுட்டால் குறி தவறாது என்பதை மேனாட்டார் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கின்றனர். அவ்வாராய்ச்சி பெரிதும் ரைபில் என்னும் புரிக்குழல் துப்பாக்கியைக் கொண்டே நடந்தது. கிராமத்துத் துப்பாக்கிக்குப் புரி கிடையாது. அதன் குழல் உட்புறம் வழவழப்பானது. ஆயினும் ரைபிலைக் கொண்டு கண்டறிந்த விதிகளுள் பெரும்பாலானவை இதற்கும் பொருந்துவனவே. அவ்விதிகள் அனைத்தையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடலாம்: ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் ஒன்றுபோலவே செய்க. இப்பிரசங்கம் முழுவதும் இவ்வொரு வாக்கியத்தின் விரிவேயாகும்.

குண்டு ஏன் விலகுகிறது?

இக்கேள்வியைப் பரீட்சை செய்து ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயக் கணித வல்லுநர். அவர் 1742-ம் வருஷத்தில் பீரங்கி சாஸ்திரத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஊசல்போல் தொங்கவிட்ட கனத்த பலகையின்மேல் குண்டைச் சுட்டு, பலகை எவ்வளவு தூரம் பின்னே போகிறது என்று அளந்து, அதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிடும் முறையைக் கண்டவர் அவரே. அவருக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கோட்டைகளைச் சீர்செய்வதற்காக 1750-ம் வருஷத்தில் கப்பலில் வந்திறங்கிய அவர், அடுத்த வருஷம் ஜூலை மாதத்தில் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையில் காலமானார்.

வழவழப்பான குழலில் இடும் குண்டு குழலின் விட்டத்தைவிடச் சற்றுச் சிறியதாயிருக்கும். ஆகையால் அது வெளிவரும்போது இப்பக்கமும் அப்பக்கமும் மோதிக்கொண்டே வருகிறது. கடைசியாக எந்தப் பக்கத்தில் உராய்ந்ததோ, அதற்கேற்றவாறு சுழன்றுகொண்டு வெளிப்படுகிறது. அச்சுழற்சி குண்டைக் காற்றில் ஒருபுறமாக வளைத்துச் செல்கிறது. இதை மெய்ப்பிக்க ராபின்ஸ் ஒரு குழலின் முனையை இடப்புறமாகச் சிறிது வளைத்து, எதிரில் மெல்லிய காகிதத் திரைகளை வரிசையாக நிறுத்திச் சுட்டுப் பார்த்தார். இடப்புறமாகப் புறப்பட்ட குண்டு, போகப்போக வலப்புறமாக வளைந்து சென்றதைத் திரைகளில் விழுந்த துளைகள் காட்டின. வளைந்த முனையின் வலப்புறச் சுவரில் குண்டு உருண்டு வந்ததே இதற்குக் காரணம்.

நேரான குழலிலோ குண்டு எந்தச் சுவரில் கடைசியாக உராயும் என்பதை ஒருவரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரு தடவை வலப்புறமும், மறுதடவை இடப்புறமும், பின்னொரு தடவை மேலும் கீழுமாகவும் அது விலகும். சுடுபவன் கண் எவ்வளவு கூர்மையானதாயினும் இக்குறையை நீக்க அவனால் ஆகாது. சுழற்சியைத் தடுக்க முடியாதாயின், எல்லாக் குண்டுகளையும் ஒரே மாதிரியாகச் சுழலச் செய்வதே பரிகாரம். குழலின் உட்புறத்தில் திருகாணியின் மரைபோல நீண்ட புரிகளை வெட்டிவிட்டால், குண்டு அப்புரிகளைப் பற்றிக்கொண்டு, தான் செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு சுழன்று வெளிப்படும். வேகமாகச் சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, குண்டும் தன் வழியினின்று பிறழாமல் செல்லும். புரிக்குழலின் தன்மையை முற்ற உணர்ந்து அதைத் தன் சேனைக்கு முதலில் கொடுக்கும் தேசம் மற்றவற்றை மேற்கொள்ளும் என்று ராபின்ஸ் 1747-ம் வருஷத்திலேயே லண்டன் ராயல் சங்கத்தாருக்கு எடுத்துக் கூறினார்.

துணி வில்லையின் உபயோகம்

புரிகளைப் பற்ற வேண்டுமானால் குண்டு குழலில் இறுக்கமாகப் பொருந்த வேண்டும். ஆதியில் சிலர் குழலைவிடப் பெரிய ஈயக் குண்டைச் சுத்தியால் தட்டி உள்ளே இறக்கினர். அதனால் குண்டு நசுங்கி உருக்குலைந்தது; கெட்டிப்பதற்கும் நெடுநேரம் ஆயிற்று. வட அமெரிக்காவில் பென்ஸில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்களும் அவர்கள் சந்ததியாரும் 18-ம் நூற்றாண்டில் செய்த நீண்ட ரைபில்களில் இதைவிட நல்ல முறை வழங்கிற்று. குழலைவிடச் சற்றுச் சிறிய குண்டை, கொழுப்பு தடவிய துணி வில்லையொன்றில் பொதிந்து இறக்கினர். துணி புரிகளை நிரப்பிக்கொண்டு குண்டைச் சுழற்றுகிறது. மருந்தின் புகை குண்டைத் தாண்டி வீணே வெளியேறாதபடி அடைக்கிறது. வெளிவந்தவுடன் குண்டை விட்டு நீங்கித் தரையில் விழுந்துவிடுகிறது. உதாரணமாக, அரை அங்குல விட்டமுள்ள குழலுக்கு ஓர் அங்குலத்தை 1000 பங்காக்கி அதில் 490 பங்கு விட்டமுள்ள குண்டும், சுமார் 15 பங்கு கனமுள்ள நெருக்கமான பருத்தித் துணியும் ஏற்றவை.

1849-ம் வருஷத்தில் மீனியே என்னும் பிரெஞ்சு சேனாதிகாரி, அடிப்புறம் குடைந்த கூம்பு வடிவமான குண்டை அமைத்தார். அது தளர்வாகவே உள்ளே இறங்கும்; மருந்து வெடிக்கும்போது அடிப்புறம் விரிந்து புரிகளைப் பற்றும். இவ்வகைக் குண்டுக்கென்று 1853-ம் வருஷத்து மாதிரியாக ஆங்கிலேயர் செய்ததே என்ஃபீல்டு ரைபில். அதன் குழல் 39 அங்குல நீளமும், அங்குலத்தில் 1000-க்கு 577 பங்கு விட்டமும், 3 புரிகளும் உடையது. 1857-ம் வருஷத்தில் அதன் தோட்டாவில் தடவிய கொழுப்பு பசுவினுடையதும் பன்றியினுடையதும் என்ற பேச்சு சிப்பாய்களிடையே பரவியதும், அதனால் விளைந்தவையும் சரித்திரத்தில் பிரசித்தம். தேன்மெழுகையும் தாவர எண்ணெயையும் சிப்பாய்களே கலந்து தடவிக்கொள்ளலாம் என்று பிறகு உத்தரவாயிற்று. ஆனால் அவநம்பிக்கை அதற்குள் வேரூன்றிவிட்டது. குறி பார்ப்பதைப் பொறுத்தமட்டில் இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு: மெழுகும் தாவர எண்ணெயும் கலந்த பூச்சு கருமருந்துக்கு மிகவும் ஏற்றது. மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த யந்திர எண்ணெய்களோ வெடிப்பின் சூட்டில் கருமருந்தின் கசடோடு கலந்து தார்போல் இறுகிவிடும்.

கெட்டிக்கும் கிரமம்

கெட்டிக்கத் தொடங்குமுன் துப்பாக்கி வெறுமையாயிருக்கிறதா என்று நிச்சயித்துக்கொள்ள வேண்டும். இதற்குக் கண்ணையோ ஞாபகத்தையோ நம்பலாகாது. வெறுங்குழலில் கோலை அடிவரை விட்டு, குழல் வாய்க்கு நேராகக் கோலில் ஒரு கோடு கீறிக்கொள்க. வழக்கமான மருந்தும் குண்டும் கெட்டித்தபின் மறுபடியும் கோலை விட்டு இரண்டாவது கோடு கீறுக. இவ்விரண்டு கோடுகளும் அத்துப்பாக்கியின் கணக்குப் புஸ்தகம் போன்றவை. கோல் முதற்கோட்டில் நின்றால் குழல் காலி. இரண்டாவது கோட்டில் நின்றால் கிரமமாகக் கெட்டித்திருக்கிறது. அதற்கு மேலே நின்றால் மருந்து இருமுறை இடப்பட்டிருக்கிறது, அல்லது குண்டு நடுவழியில் நிற்கிறது என்று பொருள்.

பின்பு குழலிலுள்ள எண்ணெயை உலர்ந்த துணியால் துடைத்தெடுத்து, மருந்திடாமல் கேப்பு ஒன்றிரண்டை மாத்திரம் வெடித்துப் பார்க்க வேண்டும். குழல் வாயைத் தரையிலுள்ள ஒரு புல்லுக்கு நேரே பிடித்தால், வழி அடைபடாமலிருக்கும்போது புல் அசையும். அசையாவிடில் எண்ணெயோ கசடோ அடைத்திருக்கிறது.

மருந்தை எப்பொழுதும் அளவுக் குழாயில் அளந்தே இட வேண்டும். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்ற பழமொழி இங்கே மிகவும் பொருந்தும். உள்ளங்கையில் குவித்து உத்தேசமாக இடுகிறவனுக்கு ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு வேகத்தில் செல்லும். வேகம் மாறினால் குண்டு ஏறுவதும் இறங்குவதும் மாறும். அரை அங்குலக் குழலில் குறிப்பழக்கத்துக்குச் சுமார் 50 கிரெயின், அதாவது ஏறத்தாழ 3¼ கிராம் கருமருந்தில் தொடங்குவது வழக்கம். துப்பாக்கி செய்தவர் விதித்த அதிகபட்ச அளவை ஒருநாளும் தாண்டலாகாது. மருந்தின் மணி பெரிதாயின் மெதுவாகவும், சிறிதாயின் விரைவாகவும் எரியும். ஆகையால் ஒரு வகையோடு மற்றொரு வகையை மாற்றுவதும் கலப்பதும் கூடாது. மருந்தைக் குடுக்கையிலிருந்து நேரே குழலில் கொட்டுவது பெருந்தவறு. முன் வெடிப்பின் தணல் குழலில் மிஞ்சியிருந்தால், அளவுக் குழாயில் உள்ள சொற்ப மருந்து மாத்திரம் பற்றுவதற்குப் பதிலாகக் கையிலுள்ள குடுக்கை முழுவதும் வெடித்துவிடும்.

மருந்து இட்டபின் குழலை இரண்டொரு முறை மெதுவாகத் தட்டினால் மருந்து அடியில் சமமாகப் படியும். அப்பால் பூச்சிட்ட துணி வில்லையைக் குழல் வாயின்மேல் வைத்து, அதன் நடுவில் குண்டை வைத்து அமுக்குக. வார்ப்பின்போது உண்டான காம்புத் தழும்பு ஒவ்வொரு தடவையும் மேல்நோக்கியே இருக்க வேண்டும். கோலை ஒரு சாண் உயரத்துக்கு மேல் பிடிக்காமல், சிறிது சிறிதாகத் தள்ளி இறக்க வேண்டும்; உயரத்தில் பிடித்துத் தள்ளினால் மரக்கோல் முறிந்து உள்ளங்கையில் ஏறும். இவ்வாறு கெட்டிக்கும்போது முகமும் உடலும் குழல் வாய்க்கு நேரே இருத்தலாகாது.

குண்டு மருந்தின்மேல் வந்து உட்காரும்வரை தள்ளி, ஒவ்வொரு தடவையும் ஒரே பலத்தோடு அமுக்கி நிறுத்த வேண்டும். கோலைத் தூக்கித் தூக்கிக் குண்டின்மேல் எறிந்து இடிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதனால் மென்மையான ஈயம் தட்டையாகிறது. மருந்தின் மணிகளும் நொறுங்குகின்றன. அதற்கு நேர்மாறாகக் குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே வெளி விடுவதோ அதனினும் அபாயகரமானது. நடுவழியில் நிற்கும் குண்டு அடைப்பைப் போலாகி, குழலை வீங்கவோ பிளக்கவோ செய்யும். ஆகையால் கோலிலுள்ள இரண்டாவது கோடு குழல் வாய்க்கு நேராக வந்ததென்று கண்ணால் கண்ட பிறகே கோலை வெளியே எடுக்க வேண்டும். எடுத்த கோலை அதற்குரிய இடத்தில் வைத்தபின், சுடுமிடத்தில் நின்று, குழல் இலக்கை நோக்கியிருக்கும்போதுதான் கேப்பு மாட்ட வேண்டும். அதற்கு முன் மாட்டலாகாது.

குண்டு வார்ப்பவர்கள் கலப்பற்ற மென்மையான ஈயத்தையே உபயோகிப்பது நலம். ஒரே அச்சில் வார்த்த குண்டுகளையும் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும். மேற்சொன்ன 490 பங்கு குண்டின் எடை சுமார் 177 கிரெயின். எடை குறைந்த குண்டின் உள்ளே காற்றுப்பொத்தல் இருக்கும். அது நேரே செல்லாது. அதை மறுபடி உருக்கிவிடலாம். ஈயத்தை வீட்டுக்குள் உருக்கலாகாது. அதன் ஆவியும் தூசியும் விஷம். உருகிய ஈயத்தில் ஒரு துளி நீர் விழுந்தாலும் ஈயம் சிதறிக் கண்ணைக் கெடுக்கும்.

சுடும் முறை

1860-ம் வருஷம் ஜூலை மாதத்தில் லண்டனை அடுத்த விம்பிள்டனில் தேசிய ரைபில் சங்கத்தாரின் முதற் பந்தயத்தை விக்டோரியா மகாராணியார் தொடங்கி வைத்தார். விட்வொர்த் என்னும் யந்திர நிபுணர் செய்த ரைபிலொன்றை இருப்புத் தாங்கியில் பொருத்தி, முன்னதாகவே இலக்குக்கு நேராக அமைத்திருந்தனர். மகாராணியார் செய்ததெல்லாம் விசையில் கட்டிய கயிற்றை இழுத்ததே. 400 கஜத்துக்கு அப்பால் குண்டு இலக்கின் நடுவிலிருந்து சுமார் 1¼ அங்குல தூரத்தில் பாய்ந்தது. கிரமமாகச் செய்து, கிரமமாகக் கெட்டித்து, அசையாமல் நிறுத்திய ரைபிலுக்கு இத்தகைய சக்தி உண்டு. தாங்கிக்குப் பதிலாக மனிதன் தோள் வரும்போது, தவறு பெரும்பாலும் அத்தோளிலும் விரலிலுமே பிறக்கிறது.

ஆகையால் பழக ஆரம்பிப்பவன் நின்றுகொண்டு சுடாமல், மணல் மூட்டையின்மேல் துப்பாக்கியைத் தாங்கவைத்துச் சுடுவது நல்லது. மூட்டையின்மேல் படவேண்டியது குழலன்று, மரக்கட்டையே. அதுவும் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் படவேண்டும். கன்னம் கட்டையில் ஒரே இடத்தில் பதியவேண்டும். பின்குறியின் பிளவுக்கு நடுவே முன்குறியின் முளை சமமாக நிற்க, அதன் நுனியின்மேல் இலக்கு தெரியவேண்டும். கண் மூன்றையும் ஒரே சமயத்தில் தெளிவாகக் காணமாட்டாது. முன்குறி தெளிவாகத் தெரிந்தால் போதும், இலக்கு சற்று மங்கினாலும் பாதகமில்லை. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை இழுத்தடிக்காமல் மெல்ல மெல்ல அழுத்தவேண்டும். எந்தக் கணத்தில் வெடிக்கும் என்று சுடுகிறவனுக்கே தெரியாதபடி அழுத்துவதுதான் உத்தமம்.

சுட்டவுடன் தலையைத் தூக்கிப் பார்ப்பது பெரும்பாலோர் செய்யும் பிழை. கேப்பு வெடித்து, அதன் நெருப்பு மருந்தில் பற்றி, குண்டு குழலைக் கடந்து வெளியேறச் சிறிது நேரம் ஆகிறது. சக்கிமுக்கிக் கல் வைத்த துப்பாக்கியில் முதலில் பற்றுவாயில் உள்ள மருந்து எரிந்து, பிறகே குழலுக்குள் நெருப்பு செல்வதால், அந்நேரம் இன்னும் அதிகம். ஸ்காத்லாந்தைச் சேர்ந்த ஃபார்சைத் என்னும் பாதிரியார் அடியினால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு சுடும் முறைக்கு 1807-ம் வருஷத்தில் உரிமை பெற்றார். பிற்காலத்துக் கேப்பு அதன் வழிவந்ததே. எவ்வகையாயினும் புகை கலைந்து இலக்கு மறுபடி தெரியும்வரை கன்னத்தை எடுக்காமலிருப்பவனே குறி தவறாதவன்.

ஒவ்வொரு வெடிக்கும் பின் துடைத்தல்

கருமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு புகையாய்ப் போகாமல் திடப்பொருளாகவே நிற்கிறது. வெண்புகையாகக் கண்ணுக்குத் தெரிவதும், குழலில் கசடாகப் படிவதும் அதுவே. முதற் குண்டு சுத்தமான குழலிலும், ஐந்தாவது குண்டு நான்கு வெடியின் கசடு படிந்த குழலிலும் சென்றால், இரண்டும் ஒரே இடத்தில் பாயும் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்? ஆகையால் ஒவ்வொரு வெடிக்கும் பின், ஈரத் துணியொன்றைக் கோலின் முனையில் சுற்றி ஒருமுறை விட்டெடுத்து, பின் உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். இதனால் தணலும் அணைந்துவிடுகிறது. துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் நீர் அடியில் தங்கி அடுத்த மருந்தைக் கெடுக்கும். ஈரம் மாத்திரம் இருந்தால் போதும்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று சிலர் கேட்கலாம். இப்பழைய துப்பாக்கிகளைக் கொண்டு பல தேசத்தாரும் கூடிப் பந்தயம் சுடுவது இக்காலத்திலும் நடந்து வருகிறது. 1971-ம் வருஷத்தில் ஏற்பட்ட சர்வதேசக் கமிட்டி ஒன்று அவற்றை நடத்துகிறது. அதன் விதிப்படி 30 நிமிஷத்தில் 13 வெடிகள் சுடலாம். அவற்றுள் சிறந்த 10 மாத்திரம் கணக்கில் சேரும். அதாவது உலகத்திலேயே கைதேர்ந்தவர்களுக்கும் ஒரு வெடிக்கு இரண்டு நிமிஷத்துக்கு மேல் கொடுக்கப்படுகிறது. பதறுவதால் ஒருவரும் பந்தயம் ஜயிப்பதில்லை.

அன்றைய வேலை முடிந்தபின் அன்றைக்கே துப்பாக்கியைக் கழுவவேண்டும். கருமருந்தின் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுள்ளது. ஐப்பசி மாதத்து ஈரக்காற்றில் ஓர் இரவு விட்டுவைத்தால் மறுநாள் குழல் துருவேறிவிடும். துருவேறிய குழல் பிறகு எவ்வளவு தேய்த்தாலும் பழைய நிலைக்கு வாராது. குழலைச் சவர்க்கார வெந்நீரால் கழுவி, துணி வெளுப்பாய் வரும்வரை துடைத்து, நன்றாய் உலர்த்தி, மெல்லிய எண்ணெய் பூசி வைக்கவேண்டும்.

குறிப்புப் புஸ்தகமும் கணக்கும்

பழகும்போது 25 கஜத்தில் தொடங்கி, பிறகு 50 கஜத்துக்குச் செல்லலாம். ஐந்து குண்டுகளை ஒரே முறையில் கெட்டித்து, ஒரே இடத்தைக் குறிபார்த்துச் சுடவேண்டும். முதலில் கவனிக்கவேண்டியது குண்டுகள் நடுவில் விழுந்தனவா என்பதன்று. ஐந்தும் ஒன்றையொன்று நெருங்கி விழுந்தனவா என்பதே. இலக்கைவிட்டு ஒரு சாண் தள்ளியாவது ஐந்தும் ஓர் உள்ளங்கையளவில் விழுந்தால் கெட்டிப்பில் குற்றமில்லை. குறிமுளையைத் திருத்தினால் போதும். ஒன்று நடுவிலும் மற்றவை நாலா புறமும் சிதறி விழுந்தால், நடுவில் விழுந்தது தற்செயலேயன்றித் திறமையன்று.

சிதறினால் காரணம் தேடவேண்டும். அதற்கு முதற் சாட்சி எதிரே தரையில் விழுந்து கிடக்கும் துணி வில்லை. ஓரம் சற்றுப் பிசிறி, நடுவில் கருமை படிந்து, முழுமையாக இருந்தால் எல்லாம் சரி. நடுவில் எரிந்து பொத்தலாயிருந்தால் துணி மெல்லியது, அல்லது பூச்சு போதாது, அல்லது மருந்து அதிகம். வெட்டியதுபோல் கிழிந்திருந்தால் குழல் வாயிலோ புரியிலோ கூர்மை இருக்கிறது. அதன்பின் மருந்தின் அளவையோ, துணியின் கனத்தையோ, பூச்சையோ மாற்றிப் பார்க்கலாம். ஆனால் ஒரு தடவைக்கு ஒன்றை மாத்திரமே மாற்றவேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எதனால் குணம் கண்டது என்பது தெரியாது. தேதி, தூரம், மருந்தின் அளவு, துணி, பூச்சு, காற்று, குண்டுகள் விழுந்த இடம் ஆகியவற்றை ஒரு சிறு புஸ்தகத்தில் அன்றன்றே எழுதிவைக்க வேண்டும்.

குண்டுகள் நெருங்கி விழத் தொடங்கியபின் குறிமுளையைத் திருத்துவது சுலபமான கணக்கு. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 30 அங்குலம் என்று கொள்வோமாயின், 50 கஜம் என்பது 1800 அங்குலம். அஃதாவது 60 மடங்கு. குண்டுகள் 3 அங்குலம் இடப்புறம் விழுந்தால், அதில் 60-ல் ஒரு பங்கு, அதாவது ஓர் அங்குலத்தில் 20-ல் ஒரு பாகம், பின்குறியை வலப்புறம் தள்ளவேண்டும். பின்குறியை, குண்டு எப்பக்கம் போகவேண்டுமோ அப்பக்கமே தள்ளுவது விதி. முன்குறிக்கு அதற்கு நேர்மாறு. குண்டு தாழ்ந்து விழுந்தால் முன்குறியின் முளையை அரத்தினால் சிறிது சிறிதாகத் தேய்க்கலாம். தேய்த்ததை மறுபடி ஒட்ட முடியாதாகையால் இதில் நிதானம் அவசியம்.

உருண்டைக் குண்டு காற்றில் விரைவாக வேகம் இழப்பது. விரைவாகப் புறப்பட்டதும் 100 கஜத்துக்குள் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். பக்கக் காற்றும் அதை எளிதில் தள்ளிவிடும். வழவழப்பான குழலுடைய கிராமத்துத் துப்பாக்கியிலும் அளந்த மருந்து, துணி வில்லையில் பொதிந்த குண்டு, ஒரே பலத்தில் அமுக்குதல், ஒவ்வொரு வெடிக்கும் பின் துடைத்தல் ஆகியவை சிதறலைக் குறைக்கும். ஆயினும் புரி இல்லாத குறை அதனால் தீராது. 50 கஜத்துக்கு மேல் அதன் ஒற்றைக் குண்டை நம்பலாகாது. அத்தூரத்தில் நம்பிக்கை இல்லாதவன் சுடாமலிருப்பதே திறமை.

செய்யத்தகாதவை

கருமருந்துத் துப்பாக்கியில் புகையில்லா மருந்தை ஓர் அணுவளவும் இடலாகாது. பிற்காலத்துத் தோட்டாக்களைப் பிரித்து அதிலுள்ள மருந்தை இட்டால், குழல் தாங்காத அழுத்தம் உண்டாகிக் குழல் வெடித்து, விரல்களும் கண்களும் போகும். வீட்டில் மருந்து இடிப்பதும் அவ்வாறே உயிருக்கு அபாயம், சட்டத்துக்கும் விரோதம். மருந்துள்ள இடத்தில் பீடியும் விளக்கும் ஆகா. குதிரை விழுந்தும் வெடிக்காவிட்டால், குழலை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு ஒரு நிமிஷத்துக்குக் குறையாமல் காத்திருக்கவேண்டும். உள்ளே நெருப்பு கனன்றுகொண்டிருந்து தாமதித்து வெடிப்பதுண்டு. கெட்டித்த துப்பாக்கியை வீட்டில் மாட்டி வைக்கலாகாது. நாளைக்கு ஆகும் என்று கெட்டித்துவைத்த துப்பாக்கியைக் காலி என்று எண்ணி எடுக்கிற கை பெரும்பாலும் வீட்டிலுள்ள ஒரு பிள்ளையின் கையாயிருக்கும்.

சட்ட விஷயமும் அறியத்தக்கது. 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்துக்குப் பதிலாக ஏற்பட்ட 1959-ம் வருஷத்துச் சட்டம், உண்மையான பயிர்க் காவலுக்காக வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் அளிப்பதைத் தனியே குறிப்பிடுகிறது. லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடமே துப்பாக்கி இருக்கவேண்டும். அயலானுக்கு இரவல் தருவது குற்றம். துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருப்பதனால் மிருகத்தைச் சுட உரிமை வந்துவிடாது. 1972-ம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கு உரிய அதிகாரியின் அனுமதி வேறே தேவை. வெற்றுவெடியின் ஓசையாலும் வேலியாலும் காவலாலும் பயிர் காக்கப்படுமாயின் அதுவே மேலானது.

சங்கத்தின் பணத்தைக் கையாளும் காரியதரிசி ஒவ்வொரு நாளும் ஒரே விதமாகக் கணக்கெழுதி, இருப்பை எண்ணிப் பார்த்து, பெட்டியைப் பூட்டுகிறார். ஒருநாள் அவ்வாறு செய்து மறுநாள் விட்டுவிடுவாராயின் குற்றம் எந்த நாளில் நுழைந்தது என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது. துப்பாக்கியின் விஷயமும் இத்தகையதே. அளந்து இடுக; கோட்டைப் பார்த்துக் கோலை எடுக்க; குண்டு எங்கே போய் நிற்கும் என்று தெரிந்த பிறகே விசையைத் தொடுக; சுட்டபின் துடைக்க. வீட்டுக்கு வந்ததும் குழலைக் கழுவி எண்ணெயிட்டு, துப்பாக்கியையும் மருந்தையும் வெவ்வேறு இடத்தில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட பிறகே அன்றைய குறிப்பை எழுதிப் புஸ்தகத்தை மூடுக.